மங்கிவரும் இரும்பு-55ஐ வைத்துச் சந்திராவின் கெயினை அளந்த பதிவு

சந்திரா எக்ஸ் கதிர் விண்ணோக்கியில் ஏசிஸ் என்றொரு கேமரா இருக்கிறது. அதன் கெயின் 2000ஆம் ஆண்டிலிருந்து எப்படி நகர்ந்திருக்கிறது என்பதை, பொதுக் காப்பகத்தில் கிடக்கும் தரவை மட்டும் வைத்து, ஒரு சாதாரண மடிக்கணினியில் அளந்து பார்ப்பதுதான் திட்டம். சந்திரா குழுவே இந்த அளவீட்டை முறையாகச் செய்து திருத்தக் கோப்புகளை வெளியிடுகிறது. எனக்கு வேண்டியிருந்தது அந்தத் திருத்தம் எதிலிருந்து பிறக்கிறது என்பதைக் கையால் செய்து தெரிந்துகொள்வது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய கருவி என்பதால் கொஞ்சம் கூடுதல் பற்றும் உண்டு.

கெயின் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு எக்ஸ் கதிர் ஃபோட்டான் சிலிக்கானில் விழுந்தால், அதன் ஆற்றலில் சுமார் 3.65 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் எலக்ட்ரான்கள் விடுபடும். 5.9 கிலோ எலக்ட்ரான்வோல்ட் (இனி கேஈவி) ஃபோட்டான் என்றால் சுமார் 1600 எலக்ட்ரான்கள். அந்த மின்னூட்டத்தை மின்னணுச் சுற்று அளந்து ஓர் எண்ணாகத் தருகிறது. ஏசிஸ் கோப்புகளில் அந்த எண் பிஎச்ஏ என்ற பத்தியில் இருக்கும். இந்த எண்ணுக்கும் ஆற்றலுக்கும் உள்ள விகிதம்தான் கெயின். அது நகர்ந்தால் நிறமாலையில் எல்லாக் கோடுகளும், அதாவது ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எழுப்பும் கூர்முனைகளும், இடம் மாறும்.

எவ்வளவு நகர்ந்தால் கவலைப்பட வேண்டும்? நான் வைத்துக்கொண்ட வரம்பு 0.3 சதவீதம். சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் டாப்ளர் விளைவை வைத்து வேகமாக மாற்றினால் அது நொடிக்கு 900 கிலோமீட்டர். விண்மீன் திரள் கொத்து ஒன்றின் வாயு நகர்கிறதா இல்லையா என்று இரும்புக் கோட்டை வைத்துச் சொல்ல வருபவருக்கு, கெயின் பிழையே ஒரு வேகமாகத் தோன்றிவிடும். அதனால்தான் இந்த வேலையின் மேல் எனக்கு இவ்வளவு அக்கறை. வானத்தைப் பற்றி யாரோ எழுதும் ஒரு வரி உண்மையா என்பது இந்த ஒரு விகிதத்தில் போய் நிற்கிறது.

கருவியும் அதன் காயமும்

ஏசிஸில் பத்து சிசிடி சில்லுகள், அதாவது விழும் கதிரை மின்னூட்டமாகப் பதியும் சிலிக்கான் சில்லுகள், இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 1024க்கு 1024 படப்புள்ளிகள், நான்கு வாசிப்பு முனைகள். ஒரு முனைக்கு 256 நெடுவரிசைகள். ஐ0 முதல் ஐ3 வரை நான்கு சில்லுகள் சதுரமாகவும், எஸ்0 முதல் எஸ்5 வரை ஆறு சில்லுகள் ஒரே வரிசையாகவும் அடுக்கப்பட்டுள்ளன. எஸ்1, எஸ்3 இரண்டும் பின்புற ஒளியூட்டு வகை: மின்வாய்கள் இல்லாத பின்பக்கம் வழியாகக் கதிர் நுழையும். மற்ற எட்டும் முன்புற ஒளியூட்டு வகை. இந்த வேறுபாடுதான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

சந்திரா 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்கலத்தில் ஏவப்பட்டது. அந்த ஆகஸ்ட், செப்டம்பரில், பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையங்களைக் கடக்கும் நேரங்களில் ஏசிஸ் கண்ணாடிகளின் குவிமையத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. சுமார் 100 கேஈவி ஆற்றலுள்ள புரோட்டான்கள் கண்ணாடிகளில் பட்டுச் சிதறி நேராகச் சில்லுகளில் வந்து விழுந்தன. அந்த ஆற்றலில் புரோட்டான் சிலிக்கானுக்குள் அதிக ஆழம் போகாது. முன்புற ஒளியூட்டுச் சில்லுகளில் மின்னூட்டம் நகரும் தடம் சரியாக அந்த மேலோட்டமான ஆழத்தில்தான் இருக்கிறது. அதனால் எட்டுச் சில்லுகளும் அடிவாங்கின. எஸ்1, எஸ்3 இரண்டிலும் அந்தத் தடம் மறுபக்கத்தில், புரோட்டான் எட்டாத ஆழத்தில் இருந்ததால் அவை தப்பித்தன. விஷயம் தெரிந்ததும், வளையங்களைக் கடக்கும்போதெல்லாம் ஏசிஸை ஒதுக்கி வைக்கும் வழக்கம் வந்தது.

அடி என்றால் என்ன? சிலிக்கான் படிகத்தில் சிறு குறைகள் உண்டாகின்றன. அவை எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சிசிடியில் மின்னூட்டம் ஒவ்வொரு வரிசையாகக் கீழே நகர்ந்து வாசிப்பு முனைக்குப் போய்ச் சேர வேண்டும். கட்டட வேலையில் ஆட்கள் வரிசையாக நின்று கலவையைக் கைமாற்றும்போது ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்வது போல, ஒவ்வொரு நகர்விலும் கொஞ்சம் எலக்ட்ரான் தங்கிவிடுகிறது. இந்த இழப்பின் பெயர் சிடிஐ, அதாவது மின்னூட்டக் கடத்தல் குறைபாடு. அடிவாங்கிய சில்லுகளில் ஒரு நகர்வுக்கான இழப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில் இருக்கும். கேட்க அற்பமாக இருந்தாலும், மேல் விளிம்பிலிருந்து ஆயிரம் நகர்வுகள் கீழே வரும்போது அது பத்து சதவீதம். 5.9 கேஈவி ஃபோட்டான் 5.3 கேஈவியாகத் தெரியும்.

இந்த இழப்பைக் குறைப்பதற்காகத்தான் சில்லுகளை இன்னும் குளிர்வித்து, 2000 ஜனவரி இறுதியிலிருந்து சுமார் மைனஸ் 120 டிகிரி செல்சியஸில் இயக்குகிறார்கள். என் தொடரையும் அந்த நாளிலிருந்தே தொடங்கினேன். அதற்கு முந்தைய தரவு வேறு வெப்பநிலைகளில் எடுத்தது. அதை இதோடு கலப்பதில் பொருளில்லை.

அளவுகோல்

ஒதுக்கி வைத்த நிலையில் ஏசிஸ் வெறுமனே இருப்பதில்லை. அங்கே அதன் எதிரில் ஓர் அளவுத்திருத்த மூலம் இருக்கிறது: இரும்பு-55 என்ற கதிரியக்க இரும்பு, கூடவே அலுமினியமும் டைட்டானியமும் இலக்குகளாக. இரும்பு-55 ஓர் எலக்ட்ரானைத் தன் கருவுக்குள் இழுத்துக்கொண்டு மாங்கனீசாக மாறும்போது, மாங்கனீசின் கே-ஆல்ஃபா கோடு சுமார் 5.9 கேஈவியில் வெளிவரும். அந்தக் கதிர்கள் டைட்டானியத்தில் பட்டு 4.51 கேஈவி கோட்டையும், அலுமினியத்தில் பட்டு 1.49 கேஈவி கோட்டையும் எழுப்பும். ஆக மூன்று நல்ல அளவுக் கோடுகள். சந்திரா ஒவ்வொரு சுற்றிலும், அதாவது ஏறக்குறைய இரண்டரை நாளுக்கு ஒருமுறை, கதிர்வீச்சு வளையத்தில் நுழையும்போதும் வெளியேறும்போதும் இந்த மூலத்தைப் பார்த்துவிடுகிறது. இவ்வளவு ஒழுங்காக, இத்தனை வருடங்களுக்கு ஒரே மூலத்தின் தரவு கிடைப்பது பெரிய கொடுப்பினை.

குறை ஒன்றே ஒன்று. இரும்பு-55இன் அரை ஆயுள் 2.74 ஆண்டு. ஏவியபோது இருந்த பிரகாசத்தில் பத்து ஆண்டில் மிஞ்சுவது 8 சதவீதம். இருபது ஆண்டில் 0.6 சதவீதம். இருபத்தைந்து ஆண்டில் 560இல் ஒரு பங்கு. 2000இல் ஒரு மணி நேரத்தில் கிடைத்த எண்ணிக்கைக்கு இப்போது மூன்று வாரத்துக்கு மேல் பார்க்க வேண்டும்.

எத்தனை ஃபோட்டான் இருந்தால் போதும் என்பதை முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. ஒரு கோட்டின் மையத்தை எவ்வளவு துல்லியமாகச் சொல்லலாம் என்பது, அந்தக் கோட்டின் அகலத்தை ஃபோட்டான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும். மாங்கனீசுக் கோட்டின் திட்ட விலக்கம் சுமார் 70 எலக்ட்ரான்வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். என் வரம்பான 0.3 சதவீதம் அங்கே 18 எலக்ட்ரான்வோல்ட். அதில் மூன்றில் ஒரு பங்காகப் பிழை இருக்க வேண்டுமென்றால் 140 ஃபோட்டான்கள் போதும். அலுமினியக் கோட்டில் கதை வேறு. அங்கே 0.3 சதவீதம் என்பது 4.5 எலக்ட்ரான்வோல்ட்தான், கோட்டின் விலக்கமோ 45க்குப் பக்கம். தேவை 900 ஃபோட்டான்கள். ஆக, மூலம் மங்கும்போது முதலில் கைவிட்டுப் போவது குறைந்த ஆற்றல் பக்கம்தான். இந்தக் கணக்கைப் போடாமல் தரவை இறக்கத் தொடங்கினால், சில்லை எத்தனை கட்டங்களாகப் பிரிக்கலாம் என்பதே தெரியாது.

தரவைத் தயாரித்தல்

மென்பொருள் சியாவோ, அதோடு அளவுத்திருத்தத் தரவுத்தளமான கால்டிபி. இரண்டும் இலவசம். லினக்ஸிலும் மேக்கிலும் கோண்டா வழியாகச் சிரமமில்லாமல் நிறுவலாம். கோடுகளைப் பொருத்துவதற்கு அதனுடனே வரும் ஷெர்பா.

அளவுத்திருத்த நோக்குகளைக் காப்பகத்தில் அடையாளம் காண்பதுதான் புதியவருக்கு முதல் தடை. இவற்றுக்கு விண்பொருளின் பெயர் கிடையாது. கோப்பின் தலைப்பில் சிம்-இசட் என்ற அளவைப் பாருங்கள். கருவி மேடை எந்த நிலையில் இருந்தது என்பதை அது சொல்லும். ஏசிஸ் வானத்தைப் பார்க்கும்போது அது மைனஸ் 190 அல்லது மைனஸ் 234 மில்லிமீட்டருக்குப் பக்கம் இருக்கும். மூலத்தைப் பார்க்கும் நிலையில் பிளஸ் 250க்குப் பக்கம். இந்த ஒரு சோதனை போதும். வேறு எதையும் நம்ப வேண்டாம்.

அப்புறம் ஏசிஸ் பிராசஸ் ஈவன்ட்ஸ் கருவியை முதல் நிலைக் கோப்பின் மேல் ஓட்ட வேண்டும். வழக்கமான மறுசெயலாக்க ஸ்கிரிப்ட் இங்கே பொருந்தாது. விண்கலம் வானில் எங்கே பார்த்தது என்பது நமக்குத் தேவையே இல்லை. சில்லு ஆயத்தொலைகள் போதும். அதனால் திசைக் கோப்பு இல்லை என்று சொல்லி, ஆயத்தொலை மாற்றத்தைச் சில்லு நிலையிலேயே நிறுத்திவிட்டேன். சிடிஐ திருத்தத்தை இயக்கி, காலம் சார்ந்த கெயின் திருத்தத்தை அணைத்து ஒருமுறை. இரண்டையும் இயக்கி ஒருமுறை. ஒவ்வொரு நோக்குக்கும் இப்படி இரண்டு கோப்புகள்.

இந்த இரண்டாவது பொத்தானின் பெயர் அப்ளை-டிகெயின். மென்பொருளில் உள்ள சிடிஐ திருத்தம் காலத்தோடு மாறாத ஒரு வரைபடம். அதற்குப் பிறகு சிடிஐ மெல்ல வளர்ந்ததை எல்லாம் டிகெயின் கோப்புதான் சுமக்கிறது. ஒவ்வொரு கோப்பும் இரண்டு காலப்புள்ளிகளில் பிஎச்ஏ எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை இடம்வாரியாகவும் ஆற்றல்வாரியாகவும் வைத்திருக்கும். இடையில் வரும் நாளுக்கு நேர்கோட்டில் இடைக்கணித்துக் கூட்டிவிடும். அவ்வளவுதான். அதில் மந்திரம் எதுவும் இல்லை என்பதைக் கோப்பைத் திறந்து பத்திகளைப் பார்த்ததும் புரிந்துகொண்டேன்.

வடிகட்டல் வழக்கமானது: தரம் (மின்னூட்டம் பக்கத்துப் படப்புள்ளிகளில் பரவிய வடிவத்துக்கான எண்) 0, 2, 3, 4, 6 மட்டும், கெட்ட படப்புள்ளிகள் நீக்கம். ஆழமாகப் பார்க்க ஐ3, எஸ்3 இரண்டையும் எடுத்துக்கொண்டேன். ஒன்று அடிவாங்கியது, ஒன்று தப்பியது. ஒவ்வொன்றையும் நான்கு முனைகளாகவும், ஒவ்வொரு முனையையும் வரிசை எண்ணை வைத்து எட்டுப் பட்டைகளாகவும் பிரித்தேன். ஒரு பட்டைக்கு 128 வரிசை.

கெயினைத் தொடுவதற்கு முன் ஒரு சரிபார்ப்பு. மாங்கனீசுக் கோட்டின் எண்ணிக்கை வீதத்தை மடக்கை அச்சில் காலத்துக்கு எதிராக வரைந்தால் ஒரு நேர்கோடு வர வேண்டும். அதன் சாய்வு 2.74 ஆண்டு அரை ஆயுளாக இருக்க வேண்டும். வரவில்லையென்றால் வெளிப்பாட்டு நேரமோ வடிகட்டியோ எங்கோ உதைக்கிறது என்று அர்த்தம். இயற்கை இலவசமாகத் தரும் சோதனை இது. யாரும் தவிர்க்கக் கூடாது.

இதே வரைபடத்தில் இன்னொன்றும் தெரியும். 0.7 கேஈவிக்குக் கொஞ்சம் கீழே, இரும்பு-மாங்கனீசு எல் கோடுகளின் கூட்டம் ஒன்று உண்டு. அது அரை ஆயுள் சொல்வதைவிட வேகமாக மங்குகிறது. ஏசிஸின் ஒளித்தடுப்பு வடிகட்டியில் படிந்துகொண்டே வரும் மாசுப் படலம் அதை விழுங்குகிறது. அது கெயின் பிரச்சினை அல்ல. கோட்டின் உயரம் குறைவது வேறு, கோட்டின் இடம் மாறுவது வேறு. குறைந்த ஆற்றலில் இரண்டும் ஒன்றை ஒன்று போர்த்திக்கொள்ளும் என்பதால், எல் கோடுகளைக் கெயின் அளவுக்கு நான் பயன்படுத்தவே இல்லை.

கோட்டைப் பொருத்துதல்

மாங்கனீசு கே-ஆல்ஃபா உண்மையில் இரண்டு கோடுகள். 11 எலக்ட்ரான்வோல்ட் இடைவெளி. சிசிடிக்கு அவை பிரிந்து தெரியாது. செறிவை வைத்துச் சராசரி எடுத்தால் 5.895 கேஈவி. அதைத்தான் இலக்காக வைக்க வேண்டும். பலமான கோட்டின் 5.899ஐ வைத்தால் தொடக்கத்திலேயே 4 எலக்ட்ரான்வோல்ட் சாய்வு வந்துவிடும். ஆற்றலை அலகுகளாகத் தரும் பிஐ என்ற பத்தியில் ஒரு அலகு 14.6 எலக்ட்ரான்வோல்ட், ஆக கோடு 404ஆம் அலகில் விழ வேண்டும். ஆனால் பொருத்துவதை எனர்ஜி பத்தியிலேயே செய்வது நல்லது. பிஐ அலகு நம் வரம்புக்கு மிகவும் பருமன்.

சிடிஐயால் கோட்டுக்கு இடது பக்கம் ஒரு வால் வளர்கிறது. முழுக் கோட்டுக்கும் ஒரு காஸியனை, அதாவது மணி வடிவ வளைவை, பொருத்தினால் அந்த வால் மையத்தை இடது பக்கம் இழுக்கும். வால் காலப்போக்கில் வளர்வதால், இல்லாத நகர்வு ஒன்றும் சேர்ந்து தெரியும். அதனால் மையத்துக்கு இடப்பக்கம் ஒரு விலக்கமும் வலப்பக்கம் இரண்டு விலக்கமும் மட்டும் எடுத்துப் பொருத்தினேன். எண்ணிக்கை குறைந்த பிந்தைய ஆண்டுகளுக்காக, தொடக்கத்திலிருந்தே வழக்கமான பொருத்த அளவான கை-வர்க்கத்தை விட்டுவிட்டு, குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற காஷ் புள்ளியியலையே வைத்துக்கொண்டேன். நடுவில் முறையை மாற்றினால் மாற்றிய இடத்தில் ஒரு படி விழும். அதைக் கருவியின் தலையில் கட்டிவிடுவோம்.

ஒரு நகர்வு, மூன்று காரணம்

டிகெயினை அணைத்த தொடரில், ஐ3இன் மேல் பட்டைகளில் கோடு ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்குகிறது. வாசிப்பு முனைக்குப் பக்கத்துப் பட்டையில் நகர்வு மிகச் சிறியது. எஸ்3இல் மொத்த நகர்வே சிறியது. இந்த வேறுபாட்டில்தான் எல்லாச் செய்தியும் இருக்கிறது.

பலரும் முழுச் சில்லுக்கும் ஒரே எண் எடுத்து, 'கெயின் இத்தனை சதவீதம் குறைந்தது' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. ஒவ்வொரு காலப்புள்ளியிலும் கோட்டின் மையத்தை வரிசை எண்ணுக்கு எதிராக வரைந்து ஒரு நேர்கோட்டைப் பொருத்துங்கள். அந்தக் கோடு வரிசை பூஜ்யத்தில் எங்கே வெட்டுகிறதோ அது மின்னணுச் சுற்றின் உண்மையான கெயின். சாய்வுதான் சிடிஐ. இரண்டும் வெவ்வேறு நோய்கள். முதலாவது சில்லு முழுவதையும் ஒரே விகிதத்தில் நகர்த்தும். இரண்டாவது மேல் விளிம்பை மட்டும் இழுக்கும். ஐ3இல் காலத்தோடு மாறுவதில் பெரும்பங்கு சாய்வுதான். எஸ்3இல் நெடுவரிசைத் திசையிலும் ஒரு சிறு சாய்வு உண்டு. பின்புற ஒளியூட்டுச் சில்லுகளில் கிடைப் பதிவேட்டிலும் கடத்தல் இழப்பு இருப்பதால், அதை இரண்டு திசைகளிலும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சாய்வைத் தனியாகப் பிரித்த பிறகும் அது ஒழுங்காக ஏறவில்லை. மேலும் கீழுமாகச் சிதறுகிறது. காரணம் வெப்பநிலை. எலக்ட்ரானைப் பிடித்த குறை அதை எவ்வளவு நேரம் வைத்திருக்கும் என்பது வெப்பநிலையை மிகவும் சார்ந்தது. ஒவ்வொரு நோக்குடனும் எம்டிஎல் என்றொரு கோப்பு வரும். அதில் குவிதளத்தின் வெப்பநிலை கெல்வினில் நேரவாரியாக இருக்கிறது. இயல்பான நிலை 153.5 கெல்வின் சுற்றுவட்டாரம். விண்கலத்தின் வெப்பக் காப்பு உறை வயதாக ஆக, அந்த நிலையைத் தாண்டிச் சூடாகும் நேரங்கள் அதிகமாகிவிட்டன. அதிலும் இந்த அளவுத்திருத்த நோக்குகள் பூமிக்கு அருகில் வரும் நேரத்தை ஒட்டி எடுத்தவை. அப்போது பூமியின் வெப்பம் ஏசிஸின் கதிர்வீசித் தட்டில் விழுகிறது. அதாவது, அளவுகோலைப் பார்க்கும் நேரத்தில் கருவி வானத்தைப் பார்க்கும் நேரத்தைவிடச் சூடாக இருக்க வாய்ப்பு அதிகம். வெப்பநிலையைக் கவனிக்காமல் எல்லா அளவுத்திருத்தத் தரவையும் கூட்டினால், அறிவியல் நோக்குகளுக்குத் தேவைக்கு அதிகமான திருத்தம் போட்டுவிடுவோம். ஒவ்வொரு நோக்கையும் குளிர்ந்த நேரம், சூடான நேரம் என்று வெட்டிப் பிரித்த பிறகுதான் சிதறல் ஒடுங்கியது. இந்த முழு வேலையில் அதிகப் பலன் தந்த ஒற்றைப் படி இதுதான்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏசிஸை எப்போதும் காஸ்மிக் கதிர்கள் துளைத்துக்கொண்டே இருக்கின்றன. அவை விட்டுப்போகும் மின்னூட்டம் குறைகளை முன்கூட்டியே நிரப்பிவிடுகிறது. கலவை அப்பிய கையில் மேலும் ஒட்டாது அல்லவா, அதே கணக்கு. பின்னால் வரும் எக்ஸ் கதிர் மின்னூட்டம் குறைவாகவே இழக்கிறது. இதைத் தியாக மின்னூட்டம் என்கிறார்கள். சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும்போது அதன் காந்தப் புலம் காஸ்மிக் கதிர்களைத் தடுப்பதால் பின்னணி குறையும்; சிடிஐ கூடும். சூரியன் ஓய்ந்திருக்கும்போது, 2009ஐ ஒட்டியும் 2019 இறுதியை ஒட்டியும் நடந்ததைப் போல, பின்னணி ஏறும். சிடிஐ குறைந்தது போலத் தெரியும். சில்லின் காயம் ஆறிவிடவில்லை. அளவிடும் சூழல் மாறியிருக்கிறது. இதைச் சரிசெய்ய வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. நோக்கின் புள்ளிவிவரக் கோப்பில் டிராப்-ஆம்ப் என்ற பத்தி இருக்கிறது. மிக அதிக ஆற்றல் காரணமாக விண்கலத்திலேயே தூக்கி எறிந்த நிகழ்வுகளின் எண்ணிக்கை அது. ஏறக்குறைய எல்லாம் துகள்கள்தான். அந்த வீதத்தை எக்ஸ் அச்சிலும் சிடிஐ சாய்வை ஒய் அச்சிலும் வைத்து வரைந்தால் எதிர்த்தொடர்பு கண்ணுக்கே தெரிகிறது. பதினோரு ஆண்டுச் சூரியச் சுழற்சி ஒரு சிசிடியின் கெயினில் வந்து பதிந்திருப்பதைப் பார்ப்பது அலாதியான அனுபவம்.

சரி, இரண்டையும் நீக்கியபின் மிஞ்சும் நகர்வு மெதுவாகவும் சீராகவும் ஏறுகிறது. அதுதான் உண்மையான கதிர்வீச்சுச் சேதம்.

டிகெயினை இயக்கிய தொடர் எப்படி இருக்கிறது? 5.9 கேஈவியில், குளிர்ந்த நேரத் தரவுக்கு, கோடு என் வரம்புக்குள் கிடையாகப் படுக்கிறது. மேல் பட்டைகளில் ஆண்டுகள் போகப் போகச் சிதறல் பெருகினாலும், அது ஃபோட்டான் எண்ணிக்கை குறைவதால் எதிர்பார்த்த அளவுதான். சூடான நேரங்களில் மட்டும், திருத்தியும் மிஞ்சும் நகர்வு தெளிவாகத் தெரிகிறது.

மூலம் மங்கிய பிறகு

இனி எதை வைத்து அளப்பது? கைவசம் இரண்டு வழிகள்.

ஒன்று, கருவியின் சொந்தக் கோடுகள். காஸ்மிக் கதிர்கள் கேமராவைச் சுற்றியுள்ள உலோகங்களில் பட்டு ஒளிர்வை எழுப்புகின்றன: சிலிக்கான் 1.74, தங்கம் 2.1, நிக்கல் 7.47, மறுபடி தங்கம் 9.7 கேஈவி. இவை மங்காது, எல்லா நோக்கிலும் இருக்கும். ஆனால் ஒரு பொறி உண்டு. சில்லின் படப்பகுதிக்குக் கீழே, சட்டகச் சேமிப்புப் பகுதி என்று கவசத்துக்குப் பின்னால் இன்னொரு பகுதி இருக்கிறது. படம் எடுத்ததும் மின்னூட்டம் முழுவதும் 41 மில்லிநொடியில் அங்கே நகர்ந்து, பிறகு நிதானமாக வாசிக்கப்படும். துகள் எழுப்பும் ஒளிர்வு அந்தப் பகுதியிலும் விழுகிறது. அங்கே விழுந்த ஃபோட்டான் படப்பகுதியைக் கடக்கவே இல்லை. அதனால் அந்தச் சிடிஐ இழப்பும் இல்லை. மென்பொருளுக்கு இது தெரியாது. அதன் வரிசை எண்ணைப் பார்த்து, இல்லாத இழப்புக்குத் திருத்தம் சேர்த்துவிடும். விளைவு, நிக்கல் கோட்டுக்கும் தங்கக் கோட்டுக்கும் பக்கத்தில், வரிசை ஏற ஏற மேலே சாய்ந்துகொண்டே போகும் இரண்டாவது கோடு. தாய்க் கோடும் சேய்க் கோடும் சேர்ந்து இருப்பதை அறியாமல் ஒரே காஸியனைப் பொருத்தினால் கெயின் ஏறியது போலக் காட்டும். மேல் பட்டைகளில் இரண்டும் நன்றாகப் பிரிந்துவிடுகின்றன. கீழ்ப் பட்டைகளில் பிரியாவிட்டாலும் அங்கே சாய்வு சிறியது. நான் இரண்டு காஸியன்களாக, சேய்க் கோட்டின் இடத்தை வரிசை எண்ணோடு கட்டிப் பொருத்துகிறேன். ஓர் ஆண்டுத் தரவை மொத்தமாகக் கூட்டினால்தான் இதற்குப் போதுமான எண்ணிக்கை தேறுகிறது.

இரண்டாவது வழி வானம். காசியோப்பியா ஏ என்ற சூப்பர்நோவா எச்சம் (வெடித்த விண்மீனின் மிச்சம்) பிரகாசமானது; சிலிக்கான், கந்தகக் கோடுகள் 1.86, 2.45 கேஈவிக்குப் பக்கத்தில் வலுவாக இருக்கின்றன. சந்திரா குழுவும் இப்போது அதையே கெயினுக்குப் பயன்படுத்துகிறது. அதன் வாயு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் விரிவதால் எச்சத்தின் ஒவ்வொரு மூலையிலும் கோடு வேறு இடத்தில் இருக்கும். ஆகவே அதைத் தனி அளவுகோலாக எடுக்காமல், அதே வானப் பகுதியைச் சில்லின் வெவ்வேறு வரிசைகளில் விழுந்தபோது ஒப்பிட வேண்டும். அதற்கும் கீழான ஆற்றலுக்குச் சிறு மெகல்லன் மேகத்தில் உள்ள 1ஈ 0102 என்ற எச்சம். ஆக்சிஜனும் நியானும் நிறைந்தது, 0.65, 1.02 கேஈவியில் தெளிவான கோடுகள். பன்னாட்டு அளவுத்திருத்தக் கூட்டமைப்பான ஐயாசெக் அதற்கு ஒரு பொது மாதிரியையே வைத்திருப்பதால், வேறு விண்ணோக்கிகளின் அளவோடும் நேராக ஒப்பிடலாம். இரும்பு-55க்கு எட்டாத ஆற்றல் பகுதியை இது நிரப்புகிறது என்பதால், மூலம் பிரகாசமாக இருந்த காலத்திலும்கூட இதைச் சேர்த்துக்கொள்வதே சரி என்பேன்.

அடுத்து எடுத்திருப்பது நம்முடைய ஆஸ்ட்ரோசாட்டின் மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி, எஸ்எக்ஸ்டி. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது; 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. அதன் சிசிடி 600க்கு 600 படப்புள்ளி, மைனஸ் 82 டிகிரியில் இயங்குவது. பார்வைப் புலத்துக்கு வெளியே நான்கு மூலைகளிலும் இரும்பு-55 மூலங்கள் ஓயாமல் ஒளிர்கின்றன. அங்கே மேடை நகர்த்த வேண்டியதில்லை. ஒவ்வொரு அறிவியல் நோக்கிலும் அளவுகோல் கூடவே வருகிறது. வெப்பநிலை வேறுபாட்டால் வரும் சாய்வு இதனால் பெருமளவு ஒழிகிறது. ஆனால் மூலம் மூலையில் மட்டும் இருப்பதால், நடுவில் என்ன நடக்கிறது என்பதை இடைக்கணிக்கத்தான் வேண்டும். எஸ்எக்ஸ்டி தரவைப் பகுப்பாய்வு செய்பவர்கள் எக்ஸ்ஸ்பெக் மென்பொருளில் கெயினின் சாய்வை ஒன்றில் நிறுத்தி, சில பத்து எலக்ட்ரான்வோல்ட் நகர்வை மட்டும் தளர்த்திப் பொருத்துவது வழக்கம். அந்த நகர்வு ஆண்டுகளோடும் வெப்பநிலையோடும் எப்படி மாறுகிறது என்பதை மூலைக் கோடுகளில் இருந்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்க்க வேண்டும். நான்கு மூலைகளில் இரண்டு வாசிப்பு முனைக்குப் பக்கமாகவும் இரண்டு தூரமாகவும் இருக்கும் என்பதால், ஐ3இல் செய்த அதே வெட்டுப்புள்ளி-சாய்வுப் பிரிப்பு இங்கேயும் செல்லும். 2015இல் போன மூலம் என்பதால் எண்ணிக்கையும் இன்னும் கைகொடுக்கிறது. முதல் மூன்று ஆண்டுத் தரவை இறக்கி, மூலைகளை வெட்டும் ஸ்கிரிப்டை எழுதிக்கொண்டிருக்கிறேன்.